கரப்பானுக்குக் கேரட்

கரப்பான்பூச்சியைத் தம் ஊர்க்காரர் என்று ஒப்புக்கொள்ள எந்த நாட்டாரும் முன்வருவதில்லை. அடுக்களையில் ஓடும் சிறிய பழுப்புநிறக் கரப்பானுக்கு 1767-ஆம் ஆண்டில் அறிவியற் பெயர் சூட்டிய லின்னேயஸ் அதனை ஜெர்மனிக்கு உரியதாக்கிவிட்டார். ருஷ்யர்களோ அதனைப் 'பிரஷ்யன்' என்று அழைப்பர். சாக்கடைக் குழாய் வழியே ஏறிவரும் பெரிய செங்கரப்பானுக்கு 'அமெரிக்கானா' என்று பெயர். அது பிறந்ததென்னவோ ஆப்பிரிக்காவில். இங்ஙனம் பழியை அடுத்த நாட்டின் தலையில் கட்டும் வழக்கம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வர, 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான மரபணு ஆய்வொன்று உண்மையை உடைத்துச் சொல்லிவிட்டது. பதினேழு நாடுகளில் பிடித்த 281 கரப்பான்களை ஒப்புநோக்கிய அவ்வாய்வின்படி, 'ஜெர்மன்' கரப்பான் ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியா அல்லது மியான்மர்ப் பகுதியில், வயல்வெளிகளில் வாழும் ஆசியக் கரப்பானிடமிருந்து பிரிந்து, மனிதனின் வீட்டை நம்பிக் குடிபுகுந்த இனமாகும். வங்கக் கடலோரத்திலிருந்து புறப்பட்டு, முதலில் மேற்கே அரபு நாடுகளுக்கும், பின்னர் கப்பலேறி ஐரோப்பாவுக்கும், அங்கிருந்து உலகனைத்துக்கும் அது சென்றதாம். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு இச்செய்தி சிறிது நெருடலாகவும் சிறிது பெருமையாகவும் இருக்கக்கூடும்.

தில்லியில் அரசாங்கக் குடியிருப்பில் வாழும் குடும்பங்களுக்குக் கரப்பானைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போட்டால், அலுவலகத்தில் மேலதிகாரி நுழைந்ததும் கலையும் கூட்டம்போல அவை நாலாபுறமும் கலையும். போரிக் தூளைக் கோதுமை மாவிலும் சர்க்கரையிலும் பிசைந்து உருட்டி மூலைகளில் வைப்பது, சாக்குக்கட்டியால் கோடு கிழிப்பது, கடைசியாகச் செருப்பு. இவற்றில் எதனையும் நாங்கள் விட்டுவைத்ததில்லை. எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவினது. முட்டை வாசல்படி ஏறியதில்லை. ஆயினும் கரப்பானை அடிப்பதைக் கொலை என்று எங்கள் வீட்டில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் துணைவியார் ஒரே அடியில் இரண்டை வீழ்த்தக் கூடியவர்.

இத்தகைய நாங்கள் 2024-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் எங்கள் தங்கையின் வீட்டில், ஏறத்தாழ முந்நூறு கரப்பான்களுக்கு மூன்று வாரம் சோறிட்டு வளர்த்தோம். கேரட்டைச் சீவிப் போட்டோம். ஆரஞ்சுச் சுளையைப் பிளந்து வைத்தோம். அவை குளிரில் வாடிவிடக் கூடாதே என்று இரவில் எழுந்து வெப்பமானியைப் பார்த்தோம். இது நேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால், முதலில் பச்சோந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நம்மில் பலர் பச்சோந்தி என்று எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் வேலியோரத்து ஓணானை. தலையை ஆட்டிக்கொண்டு, கழுத்துச் சிவந்து, சிறுவர்களின் கல்லடிக்கு ஆளாகும் அந்தப் பிராணி வேறு. தில்லியில் 'கிர்கிட்' என்று சுட்டிக்காட்டுவதும் பெரும்பாலும் அதனைத்தான். மெய்யான பச்சோந்தி இந்தியாவில் ஒரே ஓர் இனந்தான். நம் தீபகற்பத்தின் காடுகளிலும் தோப்புகளிலும் இலங்கையிலும் வாழ்வது. பழைய நிகண்டுகளில் இதற்குக் 'கோம்பி' என்றொரு பெயர் உண்டு. கோம்பி ஓடத் தெரியாதது. ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடி, ஒரு கோப்பு மேசைக்கு மேசை நகர்வதைப்போல நகரும். இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். ஒன்று முன்னே பார்க்கையில் மற்றொன்று முதுகுப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும். விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து குறடுபோலக் கிளையைப் பற்றும். நாக்கோ உடலின் நீளத்துக்கும் மிகுதியாகப் பாய்வது. கட்சி மாறுவோர்க்கெல்லாம் நாம் இதன் பெயரைச் சூட்டுவது இப்பிராணிக்குச் செய்யும் அநீதி என்பது எங்கள் கருத்து. இடத்துக்குத் தக்கபடி நிறம் மாற்றி ஏய்ப்பது இதன் தொழிலன்று. சூடு, குளிர், சினம், அச்சம், கருவுற்ற நிலை ஆகியவற்றை இது தோலில் எழுதிக் காட்டிவிடுகிறது. 2015-ஆம் ஆண்டில் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கர் நாட்டுப் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்து, தோலின் உயிரணுக்களுக்குள் இருக்கும் மிக நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடுவதும் குறைவதுமே நிறமாற்றத்துக்கு முதற்காரணம் என்று கண்டனர். உள்ளதை மறைக்கத் தெரியாத உயிர் இது. அரசியல்வாதிக்கு எவ்வகையிலும் உவமையாகாது.

தங்கையின் மகன் வளர்த்தது ஏமன் நாட்டு இனம். தலைமேல் கூம்பிய மகுடம் போன்ற எலும்பு உடையது. காட்டிலிருந்து பிடித்து வந்ததன்று, அந்நாட்டிலேயே வளர்ப்போரிடம் முட்டையிலிருந்து வெளிவந்தது. பெண். அவன் அதற்குக் 'கிவி' என்று பழத்தின் பெயரை வைத்திருந்தான். நாங்கள் கோம்பி என்றே அழைத்தோம். அதற்குக் காது கேளாது என்றே சொல்லலாமாதலால் அது மறுப்பேதும் கூறவில்லை.

பதினான்கு வயதுப் பையன். வீட்டில் ஒரே பிள்ளை, பேச்சுக் குறைவு. பந்தாட்டத்திலும் நாட்டமில்லை. அப்பிராணி வந்த பின்னர்தான் அவன் காலையில் தானாக எழுகிறான் என்று தங்கை சொன்னாள். சொல்லிவிட்டு, அதே மூச்சில், "ஆனால் அண்ணா, அந்தப் பூச்சிப் பெட்டி இருக்கும் பக்கம் நான் போகவே மாட்டேன்" என்றாள். மாப்பிள்ளைக்கோ வேறு தொல்லை. கரப்பானின் எச்சத்தூளும் உரிந்த தோலும் காற்றில் கலந்தால் சிலருக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் உண்டாகும். அவர் அத்தகையோர். அவ்வாண்டு பள்ளியிலிருந்து மூன்று வாரக் கோடை முகாமுக்குப் பையன் செல்ல வேண்டியிருந்தது. அங்கே கைப்பேசிக்கு இடமில்லை. அவன் இல்லாத நாள்களில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாதென்றால், ஊர்வன காப்பகம் ஒன்றில் அதனை ஒப்படைத்துவிடுவது என்று பெற்றோர் முன்பே முடிவு செய்திருந்தனர். ஒப்படைத்தால் திரும்பி வாராது.

நாங்கள் போய் இறங்கிய மூன்றாம் நாள் இரவு, உணவு மேசையில் எங்களுக்கு எதிரே அமர்ந்து, தட்டையே பார்த்துக்கொண்டு அவன் கேட்டான்: "மாமா, அத்தை, உங்களால முடியுமா?"

அத்தை உடனே சரி என்றார். கரப்பானைப் பற்றி அதுவரை எவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் நிலவறைக்கு அழைத்துச் சென்று காட்டினான். ஒளி புகாத பெரிய பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் சதுரமாக வெட்டிக் கம்பிவலை ஒட்டியிருந்தது. உள்ளே முட்டை அடுக்கும் அட்டைகள் செங்குத்தாக நிறுத்தப்பட்டிருந்தன. ஓர் அட்டையை அவன் தூக்கியதும் மழைச்சாரல் போன்ற சலசலப்பு எழுந்தது. துணைவியார் படியேறிச் சென்று, சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்தார். வந்தார் என்பதே செய்தி.

அவை நம் வீட்டுக் கரப்பான்கள் அல்ல. 'டூபியா' என்பது அவற்றின் பெயர். லத்தீன் மொழியில் ஐயத்துக்குரியது என்று பொருள். தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் அவற்றால் ஏற இயலாது. ஆகவே தப்பி ஓடி வீட்டில் குடியேறும் அச்சம் குறைவு. தப்பினாலும் முப்பது பாகை செல்சியஸ் அளவு வெப்பமில்லாத இடத்தில் அவை இனம் பெருக்குவது அரிது. துர்நாற்றமும் இல்லை. முன்பெல்லாம் பல்லி, பச்சோந்தி வளர்ப்போர் வெட்டுக்கிளி போன்ற சில்வண்டுகளையே உணவாக வாங்குவர். அவை இரவெல்லாம் கத்தும், விரைவில் மடியும், மடிந்தால் நாறும். அத்தொல்லைகள் இல்லாமையால் டூபியாவுக்கு மதிப்பு வந்தது. நூறு என்றும் ஐந்நூறு என்றும் எண்ணி, அளவுவாரியாகத் தரம் பிரித்துத் தபாலில் அனுப்புகின்றனர். அமெரிக்காவில் தபால்காரர் கொண்டுவந்து தரும் கரப்பானுக்குக் கையெழுத்திட்டு வாங்குகிறார்கள் என்று தில்லியில் நண்பர்களிடம் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

ஆணுக்கு நீண்ட இறக்கை. ஆயினும் சரியாகப் பறக்காது. பெண்ணுக்கு இறக்கை குருத்தோடு நின்றுவிடும். மூன்று நான்கு பெண்ணுக்கு ஓர் ஆண் போதும்; ஆண்கள் மிகுந்தால் சண்டை. ஆதலால் மிகுதியான ஆண்களையே முதலில் உணவாகத் தர வேண்டும் என்பது பையனின் விதி. நம் ஊர்ச் செங்கரப்பான் முட்டைக்கூட்டை எங்கேனும் மூலையில் ஒட்டிவிட்டுப் போகும். டூபியாவோ முட்டைக்கூட்டைத் தன் வயிற்றுக்குள்ளேயே காத்து, இரண்டு மாதங்களுக்குச் சற்று மேலான பின் இருபது முப்பது குஞ்சுகளை உயிருடன் ஈனும். அக்குஞ்சு முழு வளர்ச்சி அடைய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். எனவே இன்று எடுத்துச் செலவழிப்பதை ஆறு மாதத்துக்கு முன்னரே திட்டமிட்டிருக்க வேண்டும். பையன் அதற்கெனக் குறிப்பேடு ஒன்று வைத்திருந்தான். வரவு, செலவு, இருப்பு. இருபது ஆண்டுக்கு மேலாகப் பதிவேடுகளோடு புழங்கும் எங்கள் கண்ணுக்கு அது அப்பழுக்கில்லாத இருப்புப் பதிவேடாகத் தோன்றியது. தணிக்கையாளர் எவர் வந்தாலும் ஒரு கேள்வி கேட்க முடியாது.

குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அவன் எழுதியிருந்ததன் கருத்து இது: பச்சோந்தி தின்பது கரப்பானை அன்று, கரப்பான் தின்றதை. ஆகவே கரப்பானின் உணவே முக்கியம். தானிய மாவு எப்போதும் இருக்க வேண்டும். கேரட், ஆரஞ்சு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கீரை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நாய்த் தீனி போன்ற புரதம் மிகுந்த உணவு கூடாது; அது யூரிக் அமிலமாகக் கரப்பானின் உடலில் சேர்ந்து, தின்னும் பச்சோந்திக்கு மூட்டுவாதம் தரும். பூச்சியில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்புச்சத்துக் குறைவு. ஆதலால் கொடுக்குமுன் கால்சியத் தூளில் புரட்ட வேண்டும். அத்தூள் எலும்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்காகக் கூண்டின் மேல் புற ஊதாக்கதிர் விளக்கு. இவற்றுள் ஒன்று தவறினாலும் எலும்பு வளைந்துவிடும். பூச்சியின் நீளம் பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மீறக் கூடாது. திங்கள், புதன், வெள்ளி, நாளுக்கு மூன்று. மிகுதியாகத் தின்றால் முட்டை மிகுதியாகும், முட்டை மிகுந்தால் ஆயுள் குறையும். தண்ணீர்க் கிண்ணம் அதற்குத் தெரியாது. இலைமேல் தெளித்தால் துளித்துளியாக நக்கிக் குடிக்கும்.

அவன் முகாமுக்குப் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள்.

இடுக்கியால் மூன்று கரப்பான்களை எடுத்து, வெண்தூளில் புரட்டி, கிளையில் தொங்கும் வழவழப்பான கோப்பையில் இட வேண்டும். இடுக்கி நடுங்கியது. முதல் பூச்சி அசையாமல் கிடந்தது. அச்சம் வந்தால் செத்ததுபோல் கிடப்பது அவற்றின் இயல்பு. கோம்பி ஒரு கண்ணைக் கோப்பையின் பக்கம் திருப்பியது. பின்னர் இரண்டாவது கண்ணும் திரும்பியது. வாய் சிறிது திறந்து நாவின் நுனி தெரிந்தது. அவ்வளவுதான் கண்டோம். நாக்குப் போனதும் வந்ததும் தெரியவில்லை; மெல்லும் ஓசை மட்டும் கேட்டது.

அன்றிரவு துணைவியார் சாப்பிடவில்லை. அருவருப்பினாலா என்று கேட்டதற்கு, "அருவருப்பு காலையிலேயே போய்விட்டது. அதற்குக் கேரட் போட்டது நான். மீசையை ஆட்டிக்கொண்டு வந்து கையருகே தின்றது. அதையே எடுத்துக் கொடுக்கிறேன்" என்றார். தில்லியில் செருப்பால் அடிக்கும்போது எழாத தயக்கம் இங்கே எழுவது ஏன் என்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பகையென்று கருதியதை அடிப்பது எளிது. ஊட்டி வளர்த்ததைக் கொடுப்பது அரிது. ஆனால் கொடுக்காவிடில் இன்னொன்று பட்டினி கிடக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒதுங்கி நிற்க அவ்வீட்டில் இடமில்லை.

தில்லியில் இக்கேள்வி புதிதன்று. செங்கோட்டைக்கு எதிரே சமணக் கோயிலை ஒட்டிப் புகழ்பெற்ற பறவை மருத்துவமனை ஒன்று இருக்கிறது. புறாவையும் கிளியையும் அங்கே தங்கவைத்துப் பேணுவர். மாமிசம் தின்னும் பறவையானால் புறநோயாளியாக மட்டுமே மருந்திட்டு அனுப்புவர். கொல்லாமையை உயிராகக் கொண்டோர் தம் கூரையின் கீழ் இறைச்சியிட முடியாதல்லவா? பருந்துகளுக்கு அங்கே இடமில்லாமையைக் கண்ட முகம்மது சௌத், நதீம் ஷெஹ்ஸாத் என்னும் சகோதரர்கள், அடிபட்ட பருந்துகளைத் தம் வீட்டிலேயே வைத்து இறைச்சி வாங்கி ஊட்டி ஆற்றிப் பறக்கவிடும் பணியை மேற்கொண்டனர். அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த படம் 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் பேசப்பட்டது. ஒரே நகரில் இரு வகை அருள். எங்கள் வளர்ப்பு முதல் வகையது. அந்த மூன்று வாரமும் இரண்டாம் வகையின் கீழ்ப் பணிபுரிந்தோம் என்று சொல்லலாம்.

முதல் வாரம் முறையாகக் கழிந்தது. காலையில் விளக்கு, தெளிப்பு. மாலையில் கரப்பானுக்குக் காய்கறி. முகமூடி அணிந்து எச்சத்தூளைச் சல்லடையில் சலித்தெடுத்துத் தோட்டத்து ரோஜாச் செடிக்கு இட்டோம். தோலுரித்த கரப்பான் சிறிது நேரம் பால்போல் வெளுத்திருக்கும். முதல் முறை கண்டபோது ஏதோ நோய் என்று அஞ்சிக் குறிப்பேட்டைப் புரட்டினோம். நோயன்று, அப்போது அது மென்மையாக இருப்பதால் கோம்பிக்கு மிகவும் பிரியம் என்று எழுதியிருந்தது. நம் வீட்டில் தளதளவென்ற வெண்டைக்காயை ஒதுக்கி வைப்பதுபோல், அப்படியொன்றைக் கண்டால் துணைவியார் ஒதுக்கி வைக்கத் தொடங்கினார்.

இரண்டாம் வாரம் செவ்வாயன்று கோம்பியின் நிறம் இருண்டது. முந்தைய நாள் இட்ட மூன்றில் இரண்டு கோப்பையிலேயே கிடந்தன. புதன்கிழமை ஒன்றையும் தொடவில்லை. இருண்ட உடலில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் எழுந்தன. எப்போதும் உச்சிக்கிளையில் இருப்பது, இறங்கி வந்து கூண்டின் தரையில் மூலைக்கு மூலை நடந்தது; முன்கால்களால் தரையைப் பிறாண்டியது. தங்கை அறைவாசலில் நின்று பார்த்துவிட்டு, "அவன் வரும்போது இது இல்லையென்றால் என்ன சொல்வேன்?" என்று அழத் தொடங்கினாள். மாப்பிள்ளை, ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

துணைவியார் கூண்டின் முன் சிறிது நேரம் அமர்ந்து பார்த்தார். "நோயில்லை. இவளுக்கு இடம் வேண்டும்" என்றார்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலும் அதுவே இருந்தது. இவ்வினப் பெண் ஆணைக் காணாமலேயே சூல்கொள்ளும். கோழி வெறுமுட்டை இடுவதைப்போல. குஞ்சு வாராத முட்டைதான். ஆனால் இட இடம் இல்லையென்றால் முட்டையை வயிற்றிலேயே அடக்கிக்கொள்ளும். அடக்கினால் உயிருக்கே முடிவாகும். வாகன அறையில் ஆழமான வாளியும் கழுவிய மணலும் உள்ளன. ஓரடி ஆழம் வேண்டும். மணல் சுரங்கம் இடிந்து விழாத அளவு ஈரமாக இருக்க வேண்டும். யாரும் பார்க்கக் கூடாது. பார்க்கிறார்கள் என்று உணர்ந்தால் பாதியில் விட்டுவிடும். "யாரும்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தான்.

எத்தனை ஈரம் என்பதை அவன் எழுதவில்லை. துணைவியார் மணலில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, புட்டு மாவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். வாளியைக் கூண்டில் இறக்கி, பெட்டியிலிருந்து தம் பழைய சுங்குடிச் சேலையை எடுத்துக் கூண்டின் மூன்று பக்கமும் மறைத்தார். அறைக்கதவு சாத்தப்பட்டது. மாப்பிள்ளை மருத்துவரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் கேட்டு வைத்தார். அதுவரை பார்ப்பதென்று முடிவாயிற்று. தண்ணீர் தெளிக்க மட்டும் காலையில் ஒருமுறை, தலையைக் குனிந்தபடி போய்வந்தோம்.

அன்றிரவும் மறுநாள் பகலும் மணல் கொட்டும் ஓசை கதவுக்கு வெளியே மெலிதாகக் கேட்டது. பின்னர் அதுவும் நின்றது. வீட்டில் எவரும் உரக்கப் பேசவில்லை. தொலைக்காட்சி அணைந்திருந்தது. பிரசவ அறைக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கு அந்த நேரம் பழக்கமானதுதான்.

செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், வியாழன் மாலை நாங்கள் நிலவறைக்குச் சென்று கரப்பான் பெட்டியைத் திறந்தோம். ஓர் அட்டையைத் தூக்கியபோது, அதன் குழியில் பெரிய பெண் கரப்பான் ஒன்று அசையாமல் நின்றது. அதன் வயிற்றடியில் எள்ளைக் கழுவி வைத்ததுபோல் வெளிறிய குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. எண்ண முயன்று இருபத்திரண்டோடு விட்டோம். துணைவியார் அட்டையை இருந்தபடியே மெல்ல இறக்கி வைத்தார். "ஒருத்தி பெற்றது இன்னொருத்திக்குச் சோறு. இரண்டு பேருக்கும் நான்தான் செவிலி" என்றார். விடையாகச் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. அவரும் விடையை எதிர்பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை கோம்பி உச்சிக்கிளையில் இருந்தது. மணல் முன்போலவே நிரவி மூடப்பட்டிருந்தது. அதன் நகங்களில் மட்டும் ஈரமண். இருபுறமும் விலா ஒட்டி, தோல் தளர்ந்து, பாதி உடலாகத் தெரிந்தது. இலைமேல் தண்ணீர் தெளித்தோம். கால்மணி நேரம் விடாமல் குடித்தது. மணலைத் தோண்டி எண்ணினோம்: முப்பத்தெட்டு முட்டை, வெள்ளை வெளேரென்று, புளியங்கொட்டைப் பருமனில். மாப்பிள்ளை மருத்துவரிடம் கேட்டிருந்த நேரத்தை நீக்கச் சொல்லிவிட்டார். தங்கை முதன்முறையாக அறைக்குள் வந்து நின்றாள்.

முட்டையிட்ட பின் சில நாள்களுக்குக் கணக்குப் பார்க்காமல் உணவு தர வேண்டும், சுண்ணாம்புச்சத்து எல்லாம் முட்டையோட்டுக்குப் போய்விட்டிருக்கும் என்று குறிப்பேடு சொல்லியது. துணைவியார் நிலவறைக்கு இறங்கினார். இடுக்கியைத் தேடவில்லை. ஆரஞ்சுச் சுளையில் மொய்த்திருந்தவற்றுள் கொழுத்த ஆண்களாக ஐந்தைக் கையாலேயே எடுத்து, தூளில் புரட்டி, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு எடுத்துச் செல்பவரைப்போலப் படியேறினார். அன்று ஐந்தும் போயின, மறுநாள் ஐந்தும். தயக்கம் போய்விட்டதா என்று பின்னர் கேட்டோம். போகவில்லை, ஆனால் அன்றைக்கு அதற்கு நேரமில்லை என்றார்.

பையன் திரும்பியதும் முதலில் கூண்டைப் பார்த்தான். அடுத்துக் குறிப்பேட்டை எடுத்தான். அவன் கட்டங்களில் நாங்கள் தேதிவாரியாக நிரப்பியிருந்தோம்: செலவு 35, பிறப்பு 22-க்கு மேல், இறப்பு 2, முட்டை 38. விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தான். பிறகு அத்தையிடம், மணலின் ஈரத்தை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டான். அவர் புட்டு என்றார். அவனுக்குப் புட்டு என்றால் என்னவென்று தெரியாது. மறுநாள் காலை அவ்வீட்டில் புட்டு அவிந்தது. பையன் மாவைக் கையில் பிடித்தும் உதிர்த்தும் பார்த்துப் பழகிக்கொண்டான்.

இதனைப் படிக்கும் இளையோர்க்கு ஒரு சொல்: இங்கே இம்முயற்சியில் இறங்க வேண்டாம். நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டு இனமாயினும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அமெரிக்காவிலேயே, ஃபுளோரிடாவில் வளர்த்தவர்கள் வெளியே விட்ட ஏமன் பச்சோந்திகள் பெருகித் தொல்லையாகிவிட்டன. வீட்டுக் கரப்பானைப் பிடித்து மீனுக்கோ பறவைக்கோ போடுவதும் ஆகாது. அது எந்த நஞ்சைத் தின்றுவிட்டு வந்ததோ எவர் அறிவார்?

நாங்கள் தில்லிக்குத் திரும்பியபோது, ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த அடுக்களை முழுவதும் 'பிரஷ்யர்' வசமாகியிருந்தது. துணைவியார் அன்று மாலையே போரிக் தூள் உருட்டினார். அவற்றுக்கும் டூபியாவுக்கும் சம்பந்தமில்லை என்பது அவருடைய தீர்ப்பு. செருப்பு மட்டும் ஏனோ வாசலிலேயே தங்கிவிட்டது.

நவம்பரில் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். கோம்பி மறுபடியும் முட்டையிட்டதாம். உணவைக் குறைத்ததனால் இம்முறை பத்தொன்பதுதான். அன்று பையனுக்குப் பள்ளியில் தேர்வு. மணலைப் பிசிறி, பிடித்துப் பார்த்து, வாளியைக் கூண்டில் வைத்தது தான்தான் என்றாள். கரப்பான் பெட்டியின் பக்கம் போனாயா என்று துணைவியார் கேட்டார். மூடியைத் திறந்து கேரட் போட்டதாகவும், அட்டையைத் தூக்கவில்லை என்றும் சொன்னாள்.